ஸ்டெல்லா பட்டினி இருக்கக் கூடாது

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். அதன் பிறகு கொழுந்து பறிக்கப் போய்விட்டதால் பேனாவைத் தொட்டது கையெழுத்துப் போட மட்டும்தான். எழுத்து கோணலாக இருக்கும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதும் சில இடத்தில் மறந்துபோகிறது. எங்கள் பங்குக் கோவிலில் மருந்தகம் பார்க்கும் கன்னியாஸ்திரீ சிஸ்டர், பெண்கள் ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொல்லச் சொன்னார். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படியென்றால் எழுதிக் கொடுங்கள், கோவிலில் அச்சடிக்கிற பங்கு மலரில் போடுகிறேன், மற்ற வீடுகளுக்கும் தெரியட்டும் என்றார். அதனால் எழுதுகிறேன்.

ஸ்டெல்லா எங்கள் ஒரே மகள். முப்பத்தெட்டு வயது. கட்டபெட்டுக்குப் பக்கத்தில் அங்கன்வாடி டீச்சராக இருக்கிறாள். மாப்பிள்ளை சகாயத்துக்குக் குன்னூரில் தேயிலைக் குடோனில் வேலை. விடிந்ததும் பஸ் ஏறினால் இருட்டித்தான் வருவார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருஷம் அடுப்பு எரித்தவர். ஃபயர்மேன் என்பார்கள். நாலு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

போன வருஷம் பெரிய வெள்ளியன்று இது தொடங்கியது. எங்கள் பங்கில் அன்றைக்குச் சிலுவைப் பாதை கோவிலுக்குள் கிடையாது. அடிவாரத்தில் ஆரம்பித்து, தேயிலைக்கு நடுவே ஏறி, உச்சியில் இருக்கிற சிற்றாலயத்தில் முடியும். பெரிய மரச்சிலுவையை ஆண்கள் கொஞ்ச தூரம், பெண்கள் கொஞ்ச தூரம் என்று மாற்றி மாற்றித் தூக்குவார்கள். எல்லோரும் மூன்று மணி ஆராதனை முடிந்ததும் கோவிலில் ஊற்றுகிற கஞ்சியைக் குடித்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதுவும் கிடையாது. வியாழன் ராத்திரி சாப்பிட்டால் சனிக்கிழமை இரவுப் பூசை முடிந்துதான் சோறு. என் அம்மா அப்படி இருந்தாள், நான் அப்படி இருந்தேன், ஸ்டெல்லாவையும் பத்து வயசிலிருந்து அப்படிப் பழக்கினேன்.

அன்றைக்குத் தூறல். மஞ்சு மூட்டம் இறங்கி முன்னால் போகிறவர் தெரியவில்லை. பெண்கள் முறை வந்தபோது ஸ்டெல்லா முன்கட்டையைத் தோளில் வாங்கினாள். வழியில் நின்று ஜெபிக்கிற பதினாலு ஸ்தலத்தில் நான்கு ஸ்தலம் வரைக்கும் அவள் இறக்கவில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இறங்கி வரும்போதே தொடை வலிக்கிறது என்றாள். சனிக்கிழமை காலையில் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. தலை சீவக் கையைத் தூக்க முடியவில்லை. தொடையைத் தொட்டுப் பார்த்தேன், பலகை மாதிரி இருந்தது. கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போனேன். உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

“அம்மா, இங்க வந்து பாரு. கட்டஞ்சாயா மாதிரி போகுது.”

பால் ஊற்றாத டீ எப்படி இருக்கும், அதே நிறம்.

எங்கள் பக்கத்தில் அந்த நிறத்தைப் பார்த்தால் யாருக்கும் இரண்டாவது யோசனை வராது. மஞ்சக்காமாலை. நாட்டு மருந்து கொடுக்கிறவரிடம் என் வீட்டுக்காரர் போய்க் கீழாநெல்லி அரைத்து வாங்கி வந்தார். மூன்று நாளைக்கு உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, சோறு இல்லை, மோர் மட்டும் என்று பத்தியம் சொல்லி அனுப்பியிருந்தார். ஏற்கெனவே ஒன்றரை நாள் பட்டினி கிடந்தவளை இன்னும் பட்டினி போட்டோம். ஈஸ்டர் அன்றைக்குப் பக்கத்து வீடுகளில் கறிக்குழம்பு மணந்தது. இவள் மோரைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

திங்கட்கிழமை அந்தக் கறுத்த நீரும் வருவது குறைந்துவிட்டது. சகாயம் என்னிடமும் கேட்கவில்லை, மாமனாரிடமும் கேட்கவில்லை, ஜீப்பைக் கூட்டி வந்து அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கோத்தகிரிக்குப் போனார். அங்கே டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்த்தார். மஞ்சள் இல்லை. தொடையை அமுக்கினார். ஸ்டெல்லா கத்தினாள். இது காமாலை இல்லை, சதை கரைந்து ரத்தத்தில் கலக்கிறது, கிட்னி நிற்பதற்குள் கோயம்புத்தூர் போங்கள் என்று அவரே 108-க்குச் சொல்லிவிட்டார்.

மேட்டுப்பாளையம் இறக்கம் முழுக்க அவள் காலை என் மடியில் வைத்திருந்தேன். வளைவுக்கு வளைவு அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டார்கள். காலை பதினோரு மணிக்கு ஒருவர், சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒருவர் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் நீல நாற்காலி. அந்த ஹாலில் நூறு பேராவது இருந்திருப்பார்கள். எல்லோருக்கும் யாரோ ஒருவர் உள்ளே. சிவப்பு ஸ்வெட்டரைக் கழற்றாமல் நான் அந்த வெயில் ஊரில் உட்கார்ந்திருந்தேன். புழுங்கினாலும் கழற்றத் தோன்றவில்லை.

எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். சதை உடையும்போது அதிலிருக்கிற ஒரு சத்து ரத்தத்தில் இறங்குகிறது. நீர் கறுப்பதும் அதனால்தான். அது கிட்னியில் போய் அடைத்துக்கொள்ளும். சி.கே. என்று ஒரு ரத்த டெஸ்ட். இருநூறுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது அவளுக்கு லட்சத்தைத் தாண்டியிருந்தது. கிட்னி வேலை செய்யாததால் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணினார்கள், டயாலிசிஸ். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் சகாயம் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு தாளிலும் உயிருக்கு ஆபத்து வரலாம் என்று இருக்குமாம். அதை அவர் எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. பிறகு எங்கள் பங்குச் சிஸ்டர் சொல்லித்தான் தெரியும்.

பக்கத்து நாற்காலியில் பல்லடத்து அம்மா ஒருத்தர், தம்பிக்கு லாரி மோதி வந்திருந்தார். தினமும் இட்லிப் பொட்டலத்தை என் பக்கம் தள்ளுவார். நான் வேண்டாம் என்பேன். “ஏனுங்கக்கா, நீங்க சாப்பிடாமக் கெடந்தா உள்ள இருக்கற புள்ளைக்கு வலு ஏறீருமாங்க?” என்று ஒரு நாள் கேட்டார். நான் சிரித்தேனோ என்னவோ. எனக்குத் தெரிந்த ஒரே காரியம் அதுதான். படித்தவர்கள் டாக்டரிடம் கேள்வி கேட்கிறார்கள், ஆள் தெரிந்தவர்கள் போன் பண்ணுகிறார்கள். நான் வயிற்றைக் கட்டிக்கொண்டு ஜெபமாலை உருட்டுவேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, அவள் கண் திறந்து என்னைப் பார்த்தபோது குனிந்து காதில் சொன்னேன். மாதாவிடம் நேர்ந்திருக்கிறேன், நீ எழுந்து வந்தால் ஒரு வருஷம் வெள்ளிக்கிழமை தோறும் நாம் இரண்டு பேரும் ஒருசந்தி இருப்போம், சனிக்கிழமை காலைப் பூசை வரைக்கும் தண்ணீர் மட்டும் என்று. மூக்கில் குழாயோடு அவள் தலையை ஆட்டினாள்.

அடுத்த நாள் அவளுக்கு நீர் பிரிந்தது. டாக்டர்கள் ஏற்றின பாட்டில் பாட்டிலான மருந்துத் தண்ணீரை நான் நினைக்கவே இல்லை. என் நேர்ச்சை பலித்தது என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். மலை ஏறினதால் மட்டும் இவ்வளவு ஆகாது, ஒரு சந்தேகம் இருக்கிறது, ரத்தம் வெளியூருக்கு அனுப்பியிருக்கிறோம், முடிவு வர நாளாகும் என்றார். நிறையத் தண்ணீர் குடிக்கணும், உடம்பை அலட்டக் கூடாது, குளிரில் நனையக் கூடாது, நேரத்துக்குச் சாப்பிடணும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். நேரத்துக்குச் சாப்பிடணும் என்பது மட்டும் என் காதில் ஏறவில்லை. எல்லா டாக்டரும் எல்லாருக்கும் சொல்கிறதுதானே என்று விட்டுவிட்டேன்.

ஒன்றரை மாசம் போனது. ஸ்டெல்லா சுவரைப் பிடித்து நடந்து, பிறகு சும்மா நடந்து, அங்கன்வாடிக்குப் போகத் தொடங்கினாள். நேர்ச்சையையும் தொடங்கினோம். சகாயத்திடம் சொல்லவில்லை. சொன்னால் விட மாட்டார். பிள்ளைகளுக்குச் சோறும் முட்டையும் போட்டுவிட்டு இவள் தண்ணீர் குடித்துக்கொள்வாள். முதல் வெள்ளி ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது வெள்ளி கால் கொஞ்சம் உளைகிறது என்றாள். தைலம் தேய்த்துவிட்டேன்.

மூன்றாவது வெள்ளி தென்மேற்குக் காற்று மழையோடு அடித்தது. ரோட்டில் மரம் விழுந்து பஸ் வரவில்லை. அவள் மேட்டில் நடந்தே வந்தாள், தொப்பலாக நனைந்து. புடவை மாற்றி அடுப்புப் பக்கம் உட்கார வைத்தேன். ஆறு மணி இருக்கும். இனி நான் எழுதுவதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று நாலு நாள் பேனாவை மூடி வைத்திருந்தேன்.

அவள் சொன்னாள், “அம்மா, காலு கல்லாட்டம் ஆவுதும்மா. இன்னைக்கு மட்டும் ஒரு வாய் கஞ்சி குடிச்சுக்கட்டுமா?”

நான் சொன்னேன், “இன்னும் கொஞ்ச நேரந்தானே கண்ணு. விடிஞ்சா பூசை.”

சுடுதண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

காலையில் மறுபடியும் கட்டஞ்சாயா.

இந்தத் தடவை சகாயம் நேராகக் கோயம்புத்தூருக்கே கொண்டுபோனார். அதே டாக்டரம்மா. வராந்தாவில் நடந்துகொண்டே கேட்டார், கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள் என்று. சகாயம், நேற்று மத்தியானம் அங்கன்வாடியில் சாப்பிட்டிருப்பாள், ராத்திரி நான் வருவதற்கு முன்னால் வீட்டில் சாப்பிட்டுப் படுத்துவிட்டாள் என்றார். டாக்டர் எழுதிக்கொண்டார். நான் பின்னாலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை.

மறுபடியும் நீல நாற்காலி. இரண்டு தடவை டாக்டர் அறைக் கதவு வரைக்கும் போய்த் திரும்பினேன். மூன்றாவது தடவை, உள்ளே இருந்த நர்ஸ் என்னம்மா வேணும் என்று கேட்டுவிட்டார். திரும்ப முடியவில்லை.

“அவ சாப்பிட்டது வியாழக்கெழம ராத்திரிங்க,” என்றேன். “நேத்து ஒண்ணுமே சாப்பிடலீங்க.”

டாக்டரம்மா நிமிர்ந்தார். “ஏம்மா? வாந்தி எடுத்தாங்களா?”

“நாந்தானுங்க இருக்கச் சொன்னேன்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். கம்ப்யூட்டரைத் திருப்பி எதையோ தேடிப் படித்தார். வெளியூர் முடிவு வந்திருந்தது. போய் உங்க வீட்டுக்காரரையும் மருமகனையும் கூட்டிட்டு வாங்கம்மா என்றார். அதற்குள் நர்ஸிடம் ஸ்டெல்லாவுக்கு ஏறுகிற பாட்டிலோடு சர்க்கரைத் தண்ணீர் பாட்டிலும் சேர்க்கச் சொன்னார்.

அவர் சொன்ன பெயரைத் தாளைப் பார்த்து எழுத்துக்கூட்டி எழுதுகிறேன். கார்னிட்டின் பால்மிட்டாயில் ட்ரான்ஸ்ஃபரேஸ், இரண்டு. அது ஒரு என்சைம். தமிழில் நொதி என்றார். உடம்பில் இருக்கிற கொழுப்பைச் சதைக்குள்ளே எரிகிற இடத்துக்கு எடுத்துப் போய்ப் போடுகிற வேலை அதற்கு. ஸ்டெல்லாவுக்குப் பிறவியிலேயே அது சரியாக இல்லை. சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் சோற்றுச் சத்தை வைத்து உடம்பு ஓட்டிக்கொள்ளும். பட்டினி, நீண்ட நேர நடை, குளிர், காய்ச்சல், இந்த நாலில் எது வந்தாலும் உடம்பு கொழுப்பைக் கேட்கும். அது வராது. சதை உடையும். ஒன்றுக்கு மேல் சேர்ந்து வந்தால் ரொம்ப ஆபத்து. நான் பெரிய வெள்ளியை நினைத்தேன். பட்டினி, ஏற்றம், தூறல்.

எனக்குப் பாதிதான் புரிந்தது. வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர்தான் புரிய வைத்தார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

“அடுப்புக்குள்ள கொஞ்சம் வெறகு இருக்குது. அது தீந்தா வெளிய மலையாட்டம் அடுக்கி வெச்சிருக்கறத எடுத்துப் போடோணும். தூக்கியாந்து போடற ஆளு வேலைக்கி வரல. அவ்வளவுதான் புள்ள,” என்றார்.

“அப்பறம்?”

“அப்பறமென்ன. பக்கத்துல இருக்கற கதவு, சன்னல் எல்லாம் எரியும்.”

டாக்டர் இன்னும் இரண்டு கேட்டார். சின்ன வயசில் கால் வலி வருமா என்று ஒன்று. எங்கள் வீட்டிலிருந்து கோவில் நாலு கிலோமீட்டர். ஞாயிறு பூசைக்கு முன்னால் பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது என்று வளர்த்தேன். அந்தக் காலத்துக் கோவில் சட்டம் எப்போதோ தளர்ந்துவிட்டது, எங்கள் வீட்டில் தளரவில்லை. திங்கட்கிழமை அவள் நொண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். படிக்கக் கள்ளம், நடிக்கிறாள் என்று நான் அடித்தும் இருக்கிறேன். இதை டாக்டரிடம் முழுசாகச் சொல்லவில்லை. வரும் என்று மட்டும் சொன்னேன்.

சொந்தத்தில் கல்யாணமா என்று இன்னொன்று. என் வீட்டுக்காரர் எனக்கு அத்தை மகன். மேற்றிராணியார், அதுதான் பிஷப், அவரிடம் அனுமதி வாங்கித்தான் கட்டி வைத்தார்கள். அந்தக் குறை எங்கள் இரண்டு பேரிடமும் பாதி பாதி ஒளிந்திருந்து இவளிடம் சேர்ந்துவிட்டதாம். சொந்தம் இல்லாதவர்களுக்கும் வரலாம், யார் மேலும் குற்றமில்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சகாயம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் வேளைக்கு டீ வாங்கி வந்து என் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போவார். மூன்றாம் நாள் வைத்துவிட்டு நின்றார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்கத்தை,” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். இன்றைக்கு வரைக்கும் அதற்கு மேல் ஒரு சொல் கேட்கவில்லை.

சர்க்கரைத் தண்ணீரும் சேர்ந்து ஏறியதால் இந்தத் தடவை இரண்டு டயாலிசிஸோடு கிட்னி திரும்பியது. இன்னொரு தடவை திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். இதை முழுசாகக் குணமாக்க மருந்து இல்லை. சோறுதான் மருந்து. எண்ணெய், நெய் குறைத்து, சோறு, கஞ்சி, ரொட்டி என்று பகலெல்லாம் பிரித்துப் பிரித்துச் சாப்பிடணும், படுக்கும் முன்னாலும் ஏதாவது சாப்பிடணும். காய்ச்சல் வந்து சாப்பிட முடியாவிட்டால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. வலி மாத்திரைகளில் சிலது கூடாது. எல்லாவற்றையும் எழுதி ஒரு கடிதம் கொடுத்தார்கள். எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் அதைக் காட்டணும். ஸ்டெல்லா பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பையில் வைத்திருக்கிறாள்.

இனி நேர்ச்சை. ஒரு வருஷம் என்று வாய்விட்டுச் சொன்னது. பூசை முடிந்து எல்லோரும் போகும் வரைக்கும் தூண் பக்கம் நின்று ஃபாதரிடம் சொன்னேன். அடுத்தவர் வயிற்றை நீங்கள் எப்படியம்மா நேர முடியும், அது அவளைக் கட்டாது, நான் விடுவிக்கிறேன், வீட்டுக்குப் போய் அவளைச் சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். இலேசாக இருந்தது. வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

“ஃபாதர் விட்டுட்டாரு. மாதா விட்டாங்களாம்மா?”

அவள் கேலியாகத்தான் கேட்டாள் என்று சகாயம் சொல்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. அந்தப் பயத்தை அவளுக்குள் வைத்தது நான். வைக்கத் தெரிந்த எனக்கு எடுக்கத் தெரியவில்லை. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை அவள் தட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்த ஒரு நிமிஷம் நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன்.

இந்த வருஷம் பெரிய வெள்ளி வந்தது. மலை ஏறக் கூடாது. அடிவாரத்தில் முதல் ஸ்தலத்தில் மட்டும் நின்றுவிட்டு, மாதா சிலை வைத்த கெபிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். மேலே பாட்டு போய்க்கொண்டே இருந்தது. மணி பதினொன்று ஆனதும் பையில் இருந்த பன்னை எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. தண்ணீர் பிடிக்க வந்த இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டார்கள். ஒருத்தி, டீச்சரம்மாவுக்கு அதுக்குள்ள ஈஸ்டர் வந்துருச்சா என்று கேட்டுவிட்டுப் போனாள். தப்பாகச் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியாது. ஸ்டெல்லா பன்னை மறுபடி பையில் வைக்கப் போனாள்.

நான் அதைப் பிடுங்கிப் பாதியாகப் பிட்டு என் வாயில் போட்டேன். வெவரம் தெரிந்த நாளிலிருந்து பெரிய வெள்ளியன்று என் பல்லில் எதுவும் பட்டதில்லை. மென்று விழுங்கினேன். மறுபாதியை நீட்டினேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு வாங்கிச் சாப்பிட்டாள். ஒரு மணிக்கு இன்னொரு தடவை சாப்பிட்டோம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். சிஸ்டர், அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் தயவுசெய்து இதை டாக்டரிடம் காட்டுங்கள். நொதியின் பெயரில் ஒரு எழுத்தாவது விட்டிருப்பேன். எந்த மாத்திரை கூடாது என்பதை மறந்துவிட்டேன், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சாப்பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை மணி நேரம் போகலாம் என்று அவர் ஒரு கணக்குச் சொன்னார், மூன்றா நாலா என்று எனக்கு இப்போது நிச்சயமில்லை. அந்த இடத்தை நான் எழுதாமல் விட்டிருக்கிறேன். விசாரித்து நீங்களே போடுங்கள். என் வார்த்தையை நம்பி எந்தப் பிள்ளையும் பசியோடு காத்திருக்க வேண்டாம்.